திருகின்மேல் ஒரு சிவப்புக் கோடு

ஓடும்போது நன்றாக ஓடி, நிற்கும்போது மட்டும் அணைந்துபோகிற ஸ்கூட்டரை என்ன செய்வது என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் மூச்சு விடாமல் சொல்வேன். முதலில் பிளக்கைக் கழற்றிப் பார். காற்று வடிகட்டியைத் தட்டு. ரப்பர் குழாயில் எங்காவது வெடிப்பு இருக்கிறதா என்று தடவு. கார்புரேட்டருக்குள் இருக்கிற சின்ன ஜெட்டை ஊது. எல்லாம் முடிந்த பிறகுதான், வண்டி நிற்கும்போதும் இயந்திரத்தை ஓடவைக்கிற ஐட்லிங் திருகைத் தொட வேண்டும். பதினாறாம் வாய்ப்பாடு எனக்கு இன்னும் தடுமாறும். இந்த வரிசை தடுமாறாது.

பன்னிரண்டு வயதில் ஓர் இயந்திரத்தை நானே திறந்து நானே சரி செய்தேன் என்று சொல்லித்தான் பாலிடெக்னிக் நேர்முகத்தில் இடம் வாங்கினேன். தோழிகளிடம் எத்தனை முறை பீற்றியிருப்பேன் என்று கணக்கில்லை. ஆனால் சொல்லும்போதெல்லாம் கதையை ஒரே இடத்தில் நிறுத்திவிடுவேன். ஸ்கூட்டர் அணையாமல் நின்று துடித்துக்கொண்டிருக்கும், அப்பா அதன்மேல் உட்கார்ந்திருப்பார். கேட்பவர்கள் கை தட்டுவார்கள். அதற்கு முன்னும் பின்னும் கொஞ்சம் இருக்கிறது.

நாங்கள் மலேசியாவின் ஜொகூரில், உலு திராமில், தாமான் என்கிற வரிசை வீட்டுக் குடியிருப்பு ஒன்றில் இருந்தோம். அப்பாவுக்குச் சிங்கப்பூரில், ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை. எங்கள் வரிசையில் பாதி வீட்டு ஆண்கள் அந்தத் திசையில்தான் போவார்கள். விடிவதற்கு முன் கிளம்பி, நெடுஞ்சாலையில் லாரிகளோடு ஓடி, குடிநுழைவில் கடப்பிதழைக் காட்டி, எல்லைப் பாலத்தின்மேல் ஆயிரம் மோட்டார் சைக்கிள்களோடு முழங்கால் உரச ஊர்ந்துபோய் எட்டு மணிக்குள் வேலையிடத்தில் அட்டையைத் தட்ட வேண்டும். பத்தடி நகர்வது, நிற்பது, மறுபடி பத்தடி. அந்த நிற்கிற நேரத்தில் வண்டி அணைந்தால் பின்னால் இருக்கிற அத்தனை பேரும் ஹாரன் அடிப்பார்கள். எட்டு மணி கைவிட்டுப் போகும்.

அப்பா தனியாகப் போனதில்லை. பின் வரிசையில் இருந்த ஓர் அங்கிளோடு ஜோடியாகத்தான் போவார். அவருக்குச் சிவப்பு ஹெல்மெட், ஆகவே எனக்கு அவர் சிவப்பு ஹெல்மெட் அங்கிள். எங்கள் கேட்டுக்கு வெளியே வந்து இரண்டு தரம் ஹாரன் அடிப்பார். எங்கள் வீட்டுக்கு அதுதான் அலாரம். அவருடையது கியர் மோட்டார், சாமான் வைக்க இடம் கிடையாது. அதனால் அவருடைய சாப்பாட்டு டப்பா எங்கள் ஸ்கூட்டரின் சீட்டுக்கு அடியில் இருக்கிற பெட்டியில், அப்பாவின் டப்பாவோடு ஒட்டிக்கொண்டு போகும். நீல நிற டப்பா. கிளிப் உடைந்துபோனதால் ரப்பர் பேண்ட் போட்டிருக்கும். "உன் வண்டிக்கு வயிறு இருக்கு, என் வண்டிக்கு இல்ல" என்று தினமும் அதே நகைச்சுவையைச் சொல்வார். அப்பாவும் தினமும் சிரிப்பார்.

எனக்குப் பன்னிரண்டு வயதான ஆண்டின் நடுவில் ஒரு காலை, நெடுஞ்சாலையில் ஒரு லாரி தடம் மாறியது. முன்னால் போனவர் அங்கிள். பின்னால் அப்பா. அங்கிள் அங்கேயே போய்விட்டார். அப்பா பிரேக்கைப் பிடித்து விழுந்து இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். எனக்குச் சொல்லப்பட்டது அவ்வளவுதான். இழவு வீட்டில் சவப்பெட்டியைத் திறக்கவே இல்லை. ஏன் திறக்கவில்லை என்று நான் கேட்டதற்கு அம்மா என் தொடையில் கிள்ளினார்.

ஸ்கூட்டரை மாமா தன் வேனில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் முன்வாசலில் நிறுத்தினார். மாமா என்றால் அம்மாவின் தம்பி; தொழிற்சாலைத் தொழிலாளர்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். ஸ்கூட்டரின் இடது பக்கம் சிராய்ந்திருந்தது, வேறு சேதம் இல்லை. அப்பாவுக்கு ஐந்து வாரம் எம்சி, மருத்துவ விடுப்பு. ஐந்து வாரமும் ஸ்கூட்டர் வெளியே நின்றது, அப்பா உள்ளே உட்கார்ந்திருந்தார். தொலைக்காட்சியில் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்ப்பார். நான் அவருடைய மாவுக்கட்டின்மேல் ஒரு பிஸ்டன் நான்கு நிலைகளிலும் இருப்பதைப் படம் படமாக வரைந்தேன். மருத்துவமனையில் தாதி அதைப் பார்த்துச் சிரித்தாராம்.

எனக்கு அப்போது அந்தப் பைத்தியம்தான். வீட்டு மின்விசிறியைத் திறந்து ஒரு தடவை அடி வாங்கியிருந்தேன், அம்மாவின் மிக்ஸியைத் திறந்து இரண்டு தடவை. அம்மாவின் கைப்பேசியில் இந்தோனேசிய மெக்கானிக் ஒருவரின் காணொளிகளைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அவருடைய மலாய் பாதி புரியாது. கை செய்வது முழுவதும் புரியும்.

எம்சி முடிந்து அப்பா வேலைக்குத் திரும்பிய திங்கட்கிழமை ஸ்கூட்டர் ஒவ்வொரு சிக்னல் விளக்கிலும் அணைந்தது. பாலத்தில் நாலைந்து தடவை. அப்பா தாமதம். செவ்வாய்க்கிழமை பெரிய சாலை வரை போய்த் திரும்பி வந்துவிட்டார். "ரோசாக் ஆயிடிச்சி. ஓட மாட்டேங்குது" என்று வண்டியைப் போட்டுவிட்டுப் பஸ் பிடித்துப் போனார். பஸ் எந்தக் காலத்தில் எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தது? மறுபடி தாமதம். மேற்பார்வையாளர் கூப்பிட்டு, இன்னும் ஒரு தரம் தாமதம் என்றால் வேலை அனுமதியை ரத்து செய்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். ஐந்து வாரம் எம்சி எடுத்த ஆளுக்கு அவர் பார்க்கிற கடைசிக் கருணை அது. அம்மா பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்தார். அந்தச் சம்பளத்தில் நாங்கள் இருக்க முடியாது என்பது எனக்கே தெரியும்.

புதன் முதல் வெள்ளி வரை மாமா தன் ஆட்களை ஏற்றுவதற்கு முன் அப்பாவை வேனில் கொண்டுபோய்க் குடிநுழைவுக்கு அருகில் விட்டார்.

"மோட்டார் கடைக்குத் தள்ளிட்டுப் போங்க மச்சான்" என்றார் மாமா. "ஒரு மணி நேர வேல."

"ஞாயித்துக்கெழம பாக்கலாம்" என்றார் அப்பா.

"ஞாயித்துக்கெழம கடை தொறக்க மாட்டான் லா."

"அப்பன்னா அடுத்த வாரம்."

எனக்கு அடுத்த வாரம் வரை பொறுமை இல்லை. சனிக்கிழமை காலை அப்பா தூங்கிக்கொண்டிருந்தபோது மாமாவின் கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிளக் கறுத்திருந்தது, துடைத்தேன். வடிகட்டியில் பூச்சிச் சிறகுகள், தட்டினேன். குழாய்களில் வெடிப்பில்லை. அடுத்தது கார்புரேட்டர். அந்த ஸ்கூட்டரில் கார்புரேட்டரைப் பார்க்க வேண்டுமென்றால் சீட்டைத் தூக்கி, அடியில் இருக்கிற பெட்டியை முழுவதுமாகக் கழற்ற வேண்டும். சீட்டைத் தூக்கினேன்.

நாற்றம் முகத்தில் அறைந்தது. பெட்டியின் மூலையில் நீல டப்பா இருந்தது, ரப்பர் பேண்டோடு. மூடி வழியே உள்ளே பச்சையும் கறுப்புமாக ஏதோ பூத்திருந்தது. ஐந்து வாரமும், வேலைக்குத் திரும்பிய பிறகும் யாரும் அந்தச் சீட்டைத் திறக்கவில்லை. அப்பா அந்தத் திங்களும் செவ்வாயும் சாப்பாட்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போனதை நான் பார்த்திருந்தேன். சீட்டின் பூட்டு கெட்டுவிட்டது என்று நினைத்து, என் குறிப்பேட்டில் "சீட் பூட்டு – பார்க்கணும்" என்றுகூட எழுதியிருந்தேன்.

மூக்கைப் பிடித்துக்கொண்டு டப்பாவை அடுப்பங்கரைக்குக் கொண்டுபோனேன்.

"ம்மா, இது சீட்டுக்கு அடியில கெடந்திச்சி. செம்ம நாத்தம்."

அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்தார். டப்பாவை வாங்கி, பின்கட்டுக் குழாயில் ரொம்ப நேரம் கழுவினார். ஒரு டப்பாவைக் கழுவ அவ்வளவு நேரம் ஆகாது. கழுவித் துடைத்த பிறகு அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். யார் வீட்டுப் பாத்திரத்தையும் காலியாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. ஒரு பிடி சீனியாவது, ஒரு வாழைப்பழமாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அந்த டப்பாவில் எதைப் போட்டு அந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. குளிர்சாதனப் பெட்டியின்மேல் வைத்தார். இன்றைக்கும் அது அங்கேதான் இருக்கிறது.

"அப்பா கிட்ட சொல்லாத" என்றார். நான் சொல்லவில்லை. எனக்கு வேலை இருந்தது.

கார்புரேட்டரைத் திறந்தபோது என் இந்தோனேசிய வாத்தியார் சொன்னது அப்படியே இருந்தது. வாரக்கணக்கில் நின்ற வண்டியில் பெட்ரோல் காய்ந்து பிசினாகிவிடும். சின்ன ஜெட்டின் துளை ஊசிமுனை அளவு, அது அடைத்துக்கொண்டால் வண்டி ஓடும், ஆனால் நிற்கும்போது மூச்சு வராது. மின்கம்பியிலிருந்து ஓர் இழையை உருவித் துளைக்குள் விட்டேன். சைக்கிள் பம்பால் ஊதினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் துளைக்குள் ஒரு புள்ளி வானம் தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தை எதோடு ஒப்பிடுவதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

எல்லாவற்றையும் பூட்டி, ஐட்லிங் திருகைச் சரியான இடத்தில் வைத்தேன். ஸ்கூட்டர் நின்ற இடத்தில் நின்று துடித்தது. ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், அணையவில்லை. அம்மாவின் நகப்பூச்சை எடுத்துவந்து, திருகின் தலையிலிருந்து பக்கத்து உலோகம்வரை ஒரு சிவப்புக் கோடு போட்டேன். திருகு இளகினால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். வாத்தியாரின் வித்தை.

சத்தம் கேட்டு அப்பா வெளியே வந்தார். என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் மாறியது. அது வியப்பு என்று நான் எடுத்துக்கொண்டேன்.

"சரி பண்ணிட்டேன்ப்பா."

"நீயா?"

"ஜெட் அடைச்சிருந்திச்சி. இங்க பாருங்க, இதான் ஐட்லிங். வலது பக்கம் திருப்பினா ஏறும். எடது பக்கம் திருப்பினா எறங்கும். ரொம்ப எறக்கிட்டா நிக்கற எடத்துல செத்துடும்."

அதுவரை எந்த இயந்திரத்திலும் அக்கறை காட்டாத அப்பா முழங்காலை மடக்கிக் குனிந்து பார்த்தார்.

"பெட்டிய கழட்டாம கைய விட முடியுமா?"

"முடியும்ப்பா. வலது பக்கம் கீழேருந்து சின்ன ஸ்குரூ டிரைவர விட்டா எட்டும். ஆனா நீங்க தொடாதீங்க."

"தொட மாட்டேன் பாப்பா."

ஞாயிற்றுக்கிழமை சோதனை ஓட்டம். என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு தாமானுக்குள் மெதுவாக இரண்டு சுற்று வந்தார். பெரிய சாலைக்குத் திரும்புகிற முனையில் நிறுத்தினார். ஐட்லிங் அருமையாக இருந்தது. அதை அவர் காதருகே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு லாரி போனது. இன்னொன்று போனது. சாலை காலியானது. அப்பா திருப்பவில்லை. வந்த வழியே வீட்டுக்கு வந்துவிட்டோம். இறங்கியபோது கைப்பிடி ரப்பர் இரண்டும் சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தன. ரப்பர் பழசு, மாற்ற வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை ஸ்கூட்டர் பெரிய சாலை முனையில் அணைந்தது. அப்பா தள்ளிக்கொண்டு திரும்பி வந்தார். மாமா அரைத் தூக்கத்தில் வேனை எடுத்துக்கொண்டு ஓடினார். நல்லவேளை, எட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அப்பா உள்ளே போய்விட்டார். பள்ளி விட்டு வந்ததும் பார்த்தேன். என் சிவப்புக் கோடு உடைந்திருந்தது. திருகு இடது பக்கம் ஒரு முழுச் சுற்று திரும்பியிருந்தது. அதிர்வில் இளகியிருக்கும், ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். திருகை வெளியே எடுத்து, ஸ்பிரிங்கை இழுத்து நீட்டி, மறுபடி பூட்டிப் புதுக் கோடு போட்டேன்.

செவ்வாய்க்கிழமை மறுபடி அணைந்தது. மாமா மறுபடி ஓடினார், இந்த முறை தன் ஆட்களை ஏற்றத் தாமதமாகி முதலாளியிடம் திட்டு வாங்கினார். கோடு மறுபடி உடைந்திருந்தது. இம்முறை ஒன்றரைச் சுற்று. அதிர்வு இப்படித் திருத்தமாகத் திருகுமா? இரண்டு நாளும் இடது பக்கமே? குழம்பிப்போனேன். இறுக்கமான ஸ்பிரிங்கை மீறி ஒரு திருகு தானாகச் சுற்றுவதை எந்தக் காணொளியிலும் காணவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு மாமா வந்திருந்தார்.

"மச்சான், நாளைக்கு என்னால முடியாது. முதலாளி மூவாருக்குப் போகச் சொல்லிட்டான். நீங்க எப்படியாவது வண்டியிலயே போயிடுங்க."

"ம்" என்றார் அப்பா.

"என்னா மருமவளே, நீ பெரிய மெக்கானிக்குன்னு சொன்னாங்க. ரெண்டு நாள் ஓடலியே ஒன் ரிப்பேரு?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "என் ரிப்பேரு சரியாத்தான் இருக்கு மாமா. திருகு திரும்பிடுது. நான் கோடு போட்டு வச்சிருக்கேன். ரெண்டு நாளும் எடது பக்கம்."

"அலமாக். அப்ப பேய்தான் வந்து திருப்புது" என்று சிரித்த மாமா, சொன்னது இன்னதென்று உணர்ந்து பாதியில் நிறுத்தினார். ஆறு வாரத்துக்கு முன் இறந்துபோன ஒருவரின் பெயரை யாரும் சொல்லாமலே எல்லோரும் நினைத்தார்கள்.

அப்போதுதான் பார்த்தேன். அப்பா ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்த வலது கையின் கட்டைவிரல் நகத்தோரம் சிவப்பாக ஒரு பிசிறு ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மாவின் நகப்பூச்சு. என் கோடு.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அதாவது, விளங்கிவிட்டது என்று நினைத்தேன். பாவம் அப்பா, அவரும் சரி செய்யப் பார்த்திருக்கிறார். எந்தப் பக்கம் திருப்புவதென்று தெரியாமல் தப்பான பக்கம் திருப்பியிருக்கிறார்.

"அப்பா, நீங்கதானா" என்றேன், சிரிப்பை அடக்க முடியாமல். "நான்தான் சொன்னேனே, வலது பக்கம் திருப்பணும்னு. நீங்க எடது பக்கம் திருப்பியிருக்கீங்க. அதான் சாவுது." தட்டில் இருந்த அப்பளத்தைத் திருகாக வைத்து இரண்டு பக்கமும் சுற்றிக் காட்டினேன்.

மாமா, பேச்சு மாறியதில் நிம்மதியாகி, உரக்கச் சிரித்தார். "மச்சான், நீங்க பாப்பா கிட்ட டியூஷன் போகணும் போல."

அப்பா சிரிக்கவில்லை. கையைத் தட்டுக்குக் கீழே மடியில் வைத்துக்கொண்டார். அம்மா அந்தக் கை இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தார். அப்பா தண்ணீர்க் குவளையைப் பார்த்தார். கணவன் மனைவி என்ன பேசிக்கொள்ளப் போகிறார்கள் என்று நான் காத்திருந்தேன். அம்மா எழுந்து மாமாவுக்கு ரசம் ஊற்றினார்.

மாமா போன பிறகு நான் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் வந்து நின்று, குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டார்.

"பாப்பா. அந்தத் திருகு திரும்பாம இருக்க ஏதாச்சும் வழி இருக்கா?"

"கோந்து போட்டு ஒட்டிடலாம். ஆனா ஒட்டக் கூடாதும்மா. அப்புறம் அட்ஜஸ்ட் பண்ணவே முடியாது."

"பண்ண வேணாம்."

"யாராலயும் முடியாதும்மா."

"அதான்."

அடுப்படி இழுப்பறையைத் திறந்து இரண்டு குழல்களை எடுத்துத் தந்தார். உடைந்த தண்ணீர்க் குழாயை ஒட்ட மாமா வாங்கிவைத்தது. இரண்டையும் குழைத்துப் பூசினால் சில மணி நேரத்தில் கல்லாகிவிடும். அம்மாவே கைவிளக்கைப் பிடித்தார். நான் திருகைச் சரியான இடத்தில் வைத்து, ஒரு முறை ஓடவிட்டுப் பார்த்து, இயந்திரம் ஆறும்வரை காத்திருந்து, ஐஸ்கிரீம் குச்சியால் சாம்பல் நிறக் குழம்பை அப்பினேன். திருகின் வெட்டுகூடத் தெரியாமல் மூடினேன். வெளிச்சம் ஓர் இடத்தில் நிற்கவில்லை. "நேரா புடிங்கம்மா" என்று அதட்டினேன். அம்மா நேராகப் பிடிக்க முயன்றார்.

புதன்கிழமை நான் எல்லோருக்கும் முன்னால் எழுந்து சன்னலோரம் நின்றேன். என் வேலையை யாரும் பாராட்டாமல் போய்விடக் கூடாது அல்லவா? அப்பா வெளியே வந்தார். காற்றுக்காக மேல்சட்டையை முன்பின்னாக மாட்டியிருந்தார், பாலம் தாண்டிப் போகிற எல்லோரையும்போல. ஸ்கூட்டரை முடுக்கினார். உடனே பிடித்தது. வீட்டுப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, வலது பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கையில் சின்ன ஸ்குரூ டிரைவர். அதை உள்ளே விட்டார். ஒரு முறை அழுத்தினார். வெளியே எடுத்தார். விரலை விட்டுத் தடவிப் பார்த்தார்.

தடவியது தடவியபடி இருந்தார். எழவில்லை. இயந்திரம் அவர் முகத்துக்கு நேரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

அம்மா பிளாஸ்டிக் பையில் சாப்பாட்டு டப்பாவோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை.

"கெளம்புங்க. நேரமாவுது."

"நின்னுடும்மா" என்றார் அப்பா, திரும்பாமல்.

"நிக்காது."

"நடு ரோட்டுல நின்னா? பின்னால..."

"நிக்காதுங்க. பாப்பா பாத்திருக்கா."

எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்பா ஸ்குரூ டிரைவரைக் கால்சட்டைப் பையில் போட்டார். எழுந்து, ஹெல்மெட்டை மாட்டி, கண்ணாடியை இறக்கி, சீட்டில் உட்கார்ந்தார். அம்மா போய் வண்டியின் கைப்பிடியில் பையை மாட்டினார். வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. அப்பா உட்கார்ந்தே இருந்தார். நான் சன்னல் கம்பியில் விரலால் துடிப்பை எண்ணினேன். ஒன்றுகூடத் தவறவில்லை. அப்பா அதைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு, என்னைப்போலவே, அந்தச் சீரை ரசிக்கிறார் என்று. நான் எப்போதும் கதையை நிறுத்துகிற இடம் இதுதான்.

அது அணையவில்லை. பத்து நிமிடம் ஆகியிருக்கும். அம்மா கேட்டைத் திறந்தார். அப்பா கிளம்பினார், இரண்டு கால்களையும் தரையில் உரசிக்கொண்டு, நடை பழகுகிற குழந்தைபோல, முனை திரும்பும்வரை. ஹாரன் அடிக்க யாருமில்லை.

அம்மா வேலைக்குப் போகவில்லை. ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டருகே உட்கார்ந்துவிட்டார். என்னைப் பள்ளிக்கு விரட்ட மறந்துவிட்டார். எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கைப்பேசி அதிர்ந்தது. "வந்துட்டேன்" என்று ஒரே சொல். அம்மா அதைப் படித்துவிட்டு வடிகாலோரம் போய் வாந்தி எடுத்தார். என்னம்மா என்று கேட்டதற்கு, வெறும் வயிறு என்றார்.

அதற்குப் பிறகு அந்த ஸ்கூட்டர் ஒரு நாளும் அணையவில்லை. அப்பா ஆறேழு ஆண்டுகள் அதில் போய்வந்தார். பெருந்தொற்றில் எல்லையை மூடியபோது எங்கள் தாமானில் வீட்டுக்கு வீடு ஒப்பாரி. அப்பா மட்டும் அறைக்குள் போய் ஒரு பகலும் ஓர் இரவும் தொடர்ந்து தூங்கினார். அப்படி அவர் தூங்கி நான் பார்த்ததே இல்லை. அப்போதுதான் அந்தப் புதன்கிழமை மாலை எனக்கு ஞாபகம் வந்தது.

அன்று மாலை வெயில் இருக்கும்போதே வந்துவிட்டார். நான் கேட்டுக்கு ஓடினேன்.

"நின்னுச்சாப்பா?"

"நிக்கல பாப்பா" என்றார். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. "ஒரு எடத்துலயும் நிக்கல."

நான் குதித்தேன். அவர் முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் நடந்து நேரே குளியலறைக்குள் போனார். தண்ணீர் ஓடுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. வீட்டில் ஒரு கைக்குட்டையைக்கூடத் துவைத்தறியாதவர், தன் கால்சட்டையைத் தானே துவைத்துப் பிழிந்து எடுத்துக்கொண்டு வந்து பின்கட்டுக் கம்பியில் போட்டார். அம்மா ஒரு வாளிச் சோப்புத் தண்ணீரைக் கொண்டுபோய் ஸ்கூட்டரின் சீட்டைக் கழுவினார்.

உலு திராமில் அன்று ஒரு துளி மழை இல்லை. பாலத்தில் பெய்திருக்கும் என்று நினைத்தேன். ஜொகூரில் அப்படித்தான், ஒரு தெருவில் கொட்டும், அடுத்த தெருவில் காயும். சட்டை காய்ந்து கால்சட்டை மட்டும் நனைந்திருந்தது கொஞ்சம் யோசிக்க வைத்தது. அதற்கும் காரணம் கண்டுபிடித்தேன். குறிப்பேட்டில் "ஐட்லிங் – சரி" என்று எழுதிக் கோடு போட்டு, அதன் கீழே "முன் மட்கார்டு குட்டை, தண்ணி தெறிக்குது" என்று எழுதினேன்.

சனிக்கிழமை பழைய டயர் ஒன்றிலிருந்து ரப்பர் பட்டை வெட்டி, மட்கார்டின் நுனியில் இரண்டு திருகு போட்டுப் பூட்டினேன். இனிமேல் நனையாது என்று சொன்னேன். அப்பா குனிந்து அதைத் தொட்டுப் பார்த்து, நன்றி பாப்பா என்றார்.